உப்பில்லாமல் இரண்டு பேருக்கு

தொழிற்சாலை கேன்டீனில் முந்நூற்றுப் பத்துப் பேருக்குச் சமைக்கிற அந்த அம்மாளை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அவள் எதையும் அளந்ததில்லை, அதனால் வந்த பெயர். உப்பு, காரம், எண்ணெய் எல்லாம் கை அளவுதான். ருசி பார்ப்பதும் கிடையாது. ருசி பார்க்கிறவர்கள் தங்கள் கையை நம்பாதவர்கள் என்பது அவள் கட்சி. புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் சமையலை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அளவுக் கரண்டிகள் ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். அளவக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அதில் பெரிய கரண்டி இன்றைக்கும் பாத்திரம் துலக்குகிற பவுடர் டப்பாவில் கிடக்கிறது. மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஞாயிறு தவிர மற்ற நாளில் அவளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் கேன்டீனிலேயே முடிந்துவிடும். வீட்டில் சமைப்பது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் அவள் கணவர், வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஏணியின் உச்சியில் நின்றபோது அவருக்குத் தலை சுற்றியது. விழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷையும் கீழே விடாமல், மெதுவாக இறங்கி வந்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் உப்பு கூடாது, அழுத்தம் இறங்குகிற வரைக்கும் ஏணி ஏறவும் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏணி ஏறாத பெயின்டரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? எப்போதாவது ஒரு கேட், ஒரு ஸ்டூல் வரும். ஆக, வீடு ஒரே சம்பளத்தில் ஓடியது. ஓடியது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

அளவக்கா அன்றைக்கே அவர் சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டாள். மாத்திரையும் வேளை தவறாமல் கொடுத்தாள். அழுத்தம் மட்டும் அசையவே இல்லை. மாதம் தவறாமல் டாக்டர் பெயின்டரை ஏற இறங்கப் பார்ப்பார்.

"வெளியில ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுவாருங்க டாக்டர். கேட்டா ஒத்துக்க மாட்டாரு" என்று அளவக்கா முந்திக்கொள்வாள். "உப்பு ஜாடிகூட தன்னால குறையுது. ஞாயித்துக்கிழமை எனக்குன்னு தனியா சமைக்கிறப்ப மட்டும்தான் நான் அதைத் தொடுறேன். அப்புறம் எப்படிக் குறையும்?"

பெயின்டர் டாக்டருக்குப் பின்னால் இருக்கிற சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ ப்ரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் மாடிப்படிக்குக் கீழே கிடந்த காலி பெயின்ட் வாளிக்குள் ஒரு பூனைக்குட்டி கிடைத்தது. பெயின்டர் அதைச் சட்டைக்குள் போட்டு மூன்றாவது மாடிக்கு எடுத்து வந்தார்.

"இருக்கிற வாய்க்கே இங்க வழியில்ல, இன்னொரு வாயா?" என்றாள் அளவக்கா.

"சின்ன வாய்தான்" என்றார் அவர்.

அதோடு பேச்சு முடிந்தது. திட்டிக்கொண்டே அளவக்கா ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தாள். குட்டி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இரண்டு அறையிலும் கழிந்து வைத்தது. மறுநாள் அதை ஒரு துணிப்பையில் போட்டு, கட்டணம் வாங்காத பிராணிகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அங்கே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. குட்டியைத் தராசில் வைத்தாள். ஐந்நூற்று ஐம்பது கிராம்.

"பால் வேண்டாம்மா, இதுக்குச் செரிக்காது. செலவும் மிச்சம். கோழி இதயம் வாங்குங்க, விலை கம்மி, இதுங்களுக்கு ரொம்ப நல்லது. ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சூண்டு. முட்டை மஞ்சள்கரு தரலாம். வீட்டுச் சாப்பாடு மட்டும் பத்தாது, குட்டிப் பூனைத் தீவனம் சில்லறையா கிடைக்கும், ஒரு கைப்பிடி வாங்கி வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சுக் குடுங்க. நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா."

"இதயத்தை எப்படிச் சமைக்கிறது?"

"வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் கூடாது. தண்ணியில வேக வைக்கணும், அவ்வளவுதான்."

அளவக்காவுக்குச் சுருக்கென்றது. வேக வைத்ததோடு நிறுத்திக்கொள் என்று பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். கோழிக்கடையில் ஈரலுக்கு ஆள் உண்டு, இதயத்துக்கு ஆள் இல்லை. வாங்குகிற காசுக்கு மேலேயே கடைக்காரர் அள்ளிப் போட்டார். பெயின்டருக்கு மஞ்சள்கரு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே ஒரே முட்டையில் வெள்ளைக்கரு புருஷனுக்கும் மஞ்சள்கரு பூனைக்கும் போயின. அடுப்பில் இரண்டு சட்டி, இரண்டும் பத்தியச் சட்டி. ஒன்றில் பெயின்டரின் காய்கறி, இன்னொன்றில் குட்டியின் இதயங்கள். இதைவிடச் சிக்கனமாக ஒரு குடும்பம் நடத்த முடியாது என்று அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

குட்டி தட்டை நக்கித் துடைத்தது. பிறகு தண்ணீர் குடித்தது. மறுபடியும் குடித்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே குடித்தனம் வைத்தது. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தது. எட்டாம் நாள் தராசில் ஐந்நூற்று இருபது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. கையோடு கொண்டு வரச் சொல்லியிருந்த குட்டியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"இதுல உப்பு போட்டிருக்கீங்களா?"

"எங்க வீட்டுல உப்புங்கிற பேச்சே கிடையாது. கட்டின புருஷனுக்கே போடுறதில்ல, பூனைக்கா போடப் போறேன்?"

"அப்ப வெளியில எதையாவது தின்னுட்டு வருதா?"

அளவக்கா வாயைத் திறந்தாள். பதினோரு மாதமாகப் பழகிய பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் குட்டிக்கு இன்னும் வாசற்படியைத் தாண்டவே தெரியாது. அதன் மேல் பழி போட வழியில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள்.

"அருமையா இருக்கும்மா" என்றாள். "உப்பு கச்சிதம். இப்படியே இன்னும் பத்து நாள் குடுத்தா குட்டி பிழைக்காது."

வீடு வருகிற வரைக்கும் அளவக்கா பொருமிக்கொண்டே வந்தாள். வேறு யார், பெயின்டர்தான். தான் திருட்டுத்தனமாகத் தின்பது போதாதென்று ஒரு வாயில்லாப் பிராணியையும் கெடுத்து வைத்திருக்கிறார். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். வந்ததும் வராததுமாக உப்பு ஜாடியைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெயின்டர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சட்டியும் அடுப்பில் ஏறின. அளவக்கா அடுப்பைப் பார்த்தபடியே அவரை ஒரு பிடி பிடித்தாள். கொதி வந்தது. மூடியைத் திறந்தாள். அப்போது அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமல், அடுப்புக்குப் பக்கத்தில் ஜாடி இருந்த இடத்துக்குப் போனது. மூன்று விரல்களும் காற்றில் எதையோ கிள்ளின. குட்டியின் சட்டிக்கு மேலே வந்து ஒரு தேய்ப்புத் தேய்த்து உதறின. மறுபடியும் போயின. இந்த முறை முழுக் கையும் குவிந்தது. பெயின்டரின் சட்டிக்கு மேலே வந்து விரிந்தது. பிறகு கை முந்தானையில் துடைத்துக்கொண்டது.

அளவக்கா தன் கையையே பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு மாதம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரு தடவைகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

"என்னங்க" என்றாள். திரும்பாமலே கேட்டாள். "நான் உப்பு போட்டுக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வாயில வச்சா தெரியாதா?"

"ஏன் சொல்லல? அந்த டாக்டர் முன்னாடி மாசாமாசம் உங்களைக் குற்றவாளி மாதிரி நிக்க வச்சேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

பெயின்டர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ தெரிஞ்சேதான் போடுறேன்னு நெனச்சேன். ஏணி போச்சு, வேலை போச்சு, சோறாவது இந்த மனுசனுக்கு ருசியா இருக்கட்டும்னு பாவம் பாத்து, எனக்குத் தெரியாம போடுறேன்னு. டாக்டர்கிட்ட என் மேல பழி போட்டப்பகூட, பின்ன வேற எப்படித்தான் இவ மறைப்பான்னு விட்டுட்டேன். ஜாடி குறையுதுன்னு என்னையே கேட்ட பாரு, அன்னிக்கு உன் சாமர்த்தியத்தை மெச்சிக்கிட்டேன்."

அளவக்கா அழுதாள். வெங்காயம் நறுக்கும்போதுகூட அழாத ஆள் அவள். தன்னைவிட மோசமான பெண்டாட்டி இந்த ஊரில் இருக்க முடியாது என்று தோன்றியது. இப்படி ஒரு மனுஷனைத் திருடன் ஆக்கினோமே என்று தாங்கமுடியவில்லை. பெயின்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

சட்டிகள் இறங்கின. ஆறிய பிறகு குட்டிக்கு அதன் பங்கை வைத்தாள். மோந்து பார்த்தது, ஏமாந்த மாதிரி அவளை நிமிர்ந்து பார்த்தது, பிறகு சாப்பிட ஆரம்பித்தது. இந்தத் தடவை தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடி ஓடவில்லை.

அளவக்கா பெயின்டருக்குத் தட்டு வைத்தாள். முதல் தடவையாகத் தானும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். நனைந்த அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து இப்படி ஒன்று வெளியே போனதில்லை. பெயின்டர் ஒரு வாய் போட்டார். மென்றார். இன்னொரு வாய் போட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உண்மையைச் சொல்லுங்க."

"கேவலமா இருக்கு" என்றார் அவர், தட்டை நீட்டிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் போடு."