இசக்கிமுத்துவின் ஆட்காட்டி விரல்

1. கேள்வி கேட்கப் போன இடம்

"திங்கக்கெழம விரல எடுக்கப் போறாவ மேடம். அதையும் சேத்துப் போட்டுக்கிடுங்க" என்று இசக்கிமுத்து சாதாரணமாகச் சொன்னார். பதில்களைப் பதிந்துகொண்டிருந்த டேப்லெட்டை மடியில் வைத்தேன். அன்று சனிக்கிழமை.

பாளையங்கோட்டையில் பல வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருந்தேன். வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்கு என்ன சிகிச்சை நடக்கிறது, என்ன செலவாகிறது, நஷ்டஈடு எப்படி வருகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பதிய வேண்டும். பயிற்சியில் அழுத்திச் சொல்லப்பட்ட விதி ஒன்றுதான்: கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது.

இசக்கிமுத்துவுக்குக் கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை. வலது கை ஆட்காட்டி விரல் பெல்ட்டில் சிக்கி எலும்பு முறிந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடியது, விரல் மட்டும் மடங்காமல் குச்சியாக நின்றது. எதில் பட்டாலும் வலி.

"எலும்புதான் கூடிட்டே, ஏன் எடுக்கணும்?" என்றேன்.

அவர் மனைவி பேச்சியம்மாள் பதில் சொன்னார். "விரலு போனா இன்னதுன்னு சட்டத்துலயே இருக்காம்லா. மடங்காத விரலுக்கு எவன் குடுப்பான்னு மில்லுல சொல்லுதாவ. டாக்டரும் 'வலி தாங்கலைன்னா எடுத்துரலாம், ஒங்க இஷ்டம்'னுட்டாரு."

"மடக்கப் பயிற்சி கொடுத்தாங்களா?"

"ஒருநா சொல்லிக் குடுத்தாவ. தெனமும் பஸ் ஏறிப் போனா சோலிய யாரு பாப்பா? ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் உண்டாம், இதுக்குக் கெடையாதாம்."

இசக்கிமுத்துவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். அது என் வேலையில் சேர்ந்ததில்லை. விரல் நுனி வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டால் உணர்ச்சி இருந்தது. பைய அழுத்தியபோது நடு மூட்டு கொஞ்சம் இளகியது; பயிற்சியில் தேற வாய்ப்பிருந்தது.

2. ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போதே ஆய்வுத் தலைவருக்குப் போன் செய்தேன்.

"மேடம், அவர் என்ன சிகிச்சை எடுக்கறாரோ அதுதான் நம்ம டேட்டா. நீங்க போய் மாத்தினா ஆய்வே கெட்டுப்போயிடும்" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. அதனால்தான் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் நஷ்டஈடு பற்றிக் கேட்டுக்கொண்டு மறுபடி கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

"மடங்காத விரலுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். பாதிப்பு எவ்வளவுன்னு டாக்டர் சான்று கொடுக்கணும். ஆனா வெட்டின விரல் மாதிரி நிச்சயம் கிடையாது, இழுத்தடிப்பாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

பேச்சியம்மாள் என்னை நேராகப் பார்த்தார். "ஒங்க பேச்சக் கேட்டுட்டு, விரலும் மடங்காம, துட்டும் வராமப் போனா?"

"மடங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. எடுத்துட்டா திரும்ப வராது, அது மட்டும் உறுதி. இன்னொரு டாக்டர் பார்க்கிற வரைக்குமாவது தள்ளிப் போடுங்க."

இசக்கிமுத்து இடது கையால் அந்த விரலை அழுத்திப் பார்த்தார். பிறகு, "சரிக்கா. நாளைக்குப் போவல" என்றார்.

தலைவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இசக்கிமுத்துவை ஆய்விலிருந்து நீக்கினார்.

3. போன் அடித்தால் பயம்

அரசு ஆஸ்பத்திரி டாக்டர், "முதல்ல பயிற்சி செஞ்சு பார்ப்போம்" என்றார். வெந்நீரில் கையை வைத்து எப்படி மடக்குவது என்று பேச்சியம்மாளுக்கு வீட்டிலேயே கற்றுக்கொடுத்தேன். பல வாரம் எந்த மாற்றமும் இல்லை. ஒருமுறை விரல் வீங்கி, இசக்கிமுத்து போனில் கத்தினார்: "எடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்லாக்கா!" அதற்குப் பிறகு போன் அடித்தால், எடுப்பதற்கு முன் அவரா என்று பார்ப்பேன். அவருடைய விரலை வைத்து நான் பந்தயம் கட்டிவிட்டேனோ என்று தோன்றும்.

வீக்கம் வடிந்தது. மூட்டு மெல்ல இளகியது. கடைசியில் விரல் பாதி மடங்கியது, அதற்கு மேல் இல்லை. மில்லில் மூட்டை தைக்கும் வேலைக்குத் திரும்பினார். நஷ்டஈடு தாமதமாகத்தான் வந்தது. அங்கே விரல் போன இன்னொருவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. பேச்சியம்மாள் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

"விடு பிள்ள. சோத்த இந்தக் கையாலதான திங்கேன்" என்று மனைவியைத் தடுத்தார் இசக்கிமுத்து.

ஆய்வு முடிவுக் கூட்டத்தில், நசுங்கிய விரலை எடுத்துவிடுவது 'குறைந்த செலவுள்ள சிகிச்சை' என்று திரையில் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. நான் எழுந்து, "அதுக்கப்புறம் அந்தக் கை என்ன வேலை செய்யுதுன்னு இதில் எங்கே இருக்கு சார்?" என்றேன். அப்படி ஒரு கேள்வியை நாங்கள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. தலைவர், "அடுத்த சுற்றில் சேர்த்துடலாம்" என்றார். சேர்க்கவும் செய்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: செலவு குறைந்தது என்று கணக்கு சொன்னால், எதை விட்டதால் குறைந்தது என்று கேளுங்கள். விதியை மீறி யோசனை சொல்லலாமா என்றால், எனக்கு இன்றும் தெளிவில்லை. ஆனால் சொல்லிவிட்டால், அது பலித்ததா என்று பார்க்க அந்த வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். திட்டு விழும் என்று தெரிந்தாலும் போக வேண்டும்.