திரைக்கு வெளியே நீட்டிய கை

என் அண்ணிக்கு வாய் அதிகம். நாத்தனார்க்காரி சொல்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள், கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள். என்னைவிட இளையவள் என்பதால் பெயருக்குத்தான் அண்ணி, மற்றபடி எங்களுக்குள் வாடி போடிதான். பேக்கரியில் கேக்குக்கு மேல் கிரீமால் பூவும் பெயரும் போடுவது அவள் வேலை. கிரீம் நிரப்பிய கூம்புப் பையின் வாயைத் திருகி, வலது கையில் பிடித்து அமுக்கினாளானால் எழுத்து அச்சடித்த மாதிரி விழும். "கல்யாண நாளுக்குப் பொண்டாட்டி பேரை எழுதச் சொல்லிட்டு, பேர் என்னன்னு கேட்டா முழிக்கிறவங்களையெல்லாம் பார்த்திருக்கேன்" என்பாள்.

அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மோட்டார், மிக்சி, மின்விசிறி, எது எரிந்து வந்தாலும் கருகின கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பான். பேச்சு மட்டும் வராது. வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று தன் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிட்டான்.

அப்படிப்பட்டவளுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. மார்போடு எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். முடி கொட்டியபோதுகூட "விடு, ஷாம்பு மிச்சம்" என்றாள். எல்லாம் முடிந்து, முடியும் திரும்ப வளர்ந்து, பேக்கரிக்கும் போகத் தொடங்கினாள். நாங்கள் அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

அப்புறம் ஒருநாள் புதுச் சட்டையின் வலது கை ஏறவில்லை. நேரே தையல்காரரிடம் போய், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வெட்டினீர்கள் என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அந்த மனுஷன் பாவம், நாடாவை எடுத்து அவளுடைய இரண்டு கையையும் அளந்து காட்டினார். "துணி சரியாத்தாம்மா இருக்கு. கைதான் ஒண்ணு பெரிசா இருக்கு." அண்ணி மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்தாள். அவள் மறுபேச்சுப் பேசவில்லை என்றதுமே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்கு விடுப்புப் போட்டுக்கொண்டு என் ஊரிலிருந்து வந்து சேர்ந்தேன்.

மருத்துவமனையின் கோடியில் இருந்தது அந்தச் சிகிச்சை அறை. உயரமான கட்டில், அலமாரி நிறையக் கட்டுத்துணி உருளைகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அண்ணி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்.

"அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்துட்டாங்க இல்லக்கா, அதனால அந்த வழியா வடியற நீர் போக இடமில்லாம கையிலயே தங்கிடுது. முழுசா சரியாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். தினமும் கவனிச்சா அடங்கி இருக்கும், நீங்க வேலையும் பார்க்கலாம். விட்டுட்டா கை கல்லு மாதிரி ஆயிடும்."

தடவுவது எப்படி என்று எனக்குக் காட்டினாள். எண்ணெய் விட்டுப் பிசைகிற கதையே கிடையாது. பூப்போலத் தொட்டு, தோல் மட்டும் நகர வேண்டும். கழுத்தில் ஆரம்பித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இடது அக்குள்வரை வழி திறந்துவிட்டு, அப்புறம்தான் கைக்கே வர வேண்டும். அதற்குமேல் பஞ்சு, பஞ்சுக்குமேல் கட்டு.

"ஓரளவு அவங்களே பண்ணிக்கலாம். ஆனா முதல் சில மாசத்துக்கு வீட்டுல ஒருத்தர் வேணும். சார் வெளியிலதான் உட்கார்ந்திருக்காரு, கூப்பிடட்டுமா?"

"வேணாம்" என்றாள் அண்ணி சட்டென்று. "இவ இருக்கா."

வெளியே அண்ணன் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து அவள் அவன் முன்னால் உடை மாற்றியதில்லை. குளித்தால் முழுக்க உடுத்திக்கொண்டுதான் வெளியே வருவாள். அவனும் கேட்டதில்லை. நான் விடுவேனா, பிடித்துக் கேட்டேன்.

"அவன் உன்னை என்ன கடிச்சா தின்னுடுவான்?"

அண்ணி கேலி பேசவில்லை. "இத்தனை வருஷமா என்னை ஒரு மாதிரி பார்த்த மனுஷன்டி. இதைப் பார்த்து அந்தப் பார்வை மாறிட்டா, நான் எந்த மூஞ்சியோட இந்த வீட்டுல நடமாடுவேன்?"

என் விடுப்போ கரைந்துகொண்டிருந்தது. நான் போனபின் அந்த நெஞ்சை யார் தொடுவது?

நானே கட்டிக்கொள்கிறேன் பார் என்று ஒருநாள் ஒற்றைக் கையால் மல்லுக்கு நின்றாள். உருளை கைநழுவி, அறை வாசலில் தொங்கிய திரைக்கு அடியில் புகுந்து கூடத்துக்கு ஓடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையோரமாக ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. அதில் அந்தக் கட்டுத்துணி, ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றப்பட்டிருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கட்டு மட்டும் வேணா அவர் போடட்டும்" என்றாள். "இங்க வரவேண்டாம்."

இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல? உள்ளே நான் தடவி முடிப்பேன். அண்ணி திரையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து வலது கையை வெளியே நீட்டுவாள். கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அண்ணன் கட்டுவான். முதல் நாள் அவன் கட்டியதைப் பார்த்து நானே அசந்துபோனேன். விரலிலிருந்து தோள்வரை ஒவ்வொரு சுற்றும் ஒரே இழுப்பு, ஒரே இடைவெளி. கடைசிச் சுற்றை மட்டும் அவிழாமலிருக்க இறுக்கி முடித்திருந்தான், காயிலுக்கு முடிப்பதுபோல.

சற்று நேரத்தில் அண்ணிக்கு விரல்கள் மரத்துப்போயின. அவிழ்த்துப் பார்த்தால் புறங்கை பன்னாக உப்பியிருந்தது.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாச் சுத்தும் ஒரே இழுப்புலதானே இருந்துச்சு" என்று முணுமுணுத்தான். "நான் இனிமே தொடலம்மா. கெடுத்துடுவேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. போச்சு, இருந்த ஒரு சின்னச் சந்தும் அடைபட்டுப்போச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்து நின்றபோது இடது கை முழுக்கக் கட்டு. அண்ணி பதறிப்போய், "ஐயோ, என்னங்க ஆச்சு? அடிபட்டுச்சா?" என்று எழுந்தாள்.

"இல்ல. உனக்குக் கட்டின மாதிரியே கட்டிப் பார்த்தேன்." உப்பிப்போன விரல்களை நீட்டினான். "காலையிலேருந்து இப்படியே வேலை பார்த்தேன். இவ்வளவு வலிக்குமா? நேத்து ஏன் உடனே சொல்லல?"

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "உட்காருங்க, மக்கு. காயில் கட்டற கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" அவன் கட்டை அவளே அவிழ்த்துவிட்டாள். அலமாரியிலிருந்து தன் கூம்புப் பையை எடுத்து, அதில் மாவுக்கரைசலை ஊற்றிக் காட்டினாள். "இறுக்கிப் பிடிச்ச இடத்துலேருந்து தளர்ந்த பக்கம்தான் போகும். என் கையில நீர் மேல ஏறணும். அப்போ விரல்கிட்ட இறுக்கம், மேல போகப் போகத் தளர்வு. நீங்க தோள்ல பூட்டுப் போட்டா அது எங்க போகும்?"

அண்ணன் பையை வாங்கி அமுக்கிப் பார்த்தான். மேசையெல்லாம் மாவு. அவள் திட்டிக்கொண்டே துடைத்தாள். அன்றைக்கு அவன் போட்ட கட்டு விடியும்வரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

என் விடுப்பு முடிகிற நாள் வந்தது. காலையில் வழக்கம்போல் கையைக் கழுவிக்கொண்டு திரையை விலக்கப் போனேன்.

"நீ இரு" என்றாள் உள்ளேயிருந்து அண்ணி. "அவரை வரச்சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தான். போ என்று தலையசைத்தேன். போனான். திரை மூடிக்கொண்டது. சத்தமே இல்லை. ஏதாவது சொல்லேன் அண்ணா, எதையாவது சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவனோ வெளியே வந்துவிட்டான்.

என்னைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனான். பின்னாலேயே ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். தோள் குலுங்கியது.

"எவ்வளவு நீளம் தச்சிருக்காங்க" என்றான் என் பக்கம் திரும்பாமல். "இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஷாம்பு மிச்சம்னாளே. என்னைச் சிரிக்க வச்சாளே."

"இதை அவகிட்ட போய்ச் சொல்லு. அங்க ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். இந்தமுறை திரை சரியாக மூடவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை, சத்தியமாக. காதில் விழுந்ததற்கு நான் என்ன செய்ய?

"ஏன் போயிட்டீங்க?" அண்ணியின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"கை கழுவப் போனேன். வலிக்குமா இப்ப?"

"இப்ப வலிக்காது."

"எங்க ஆரம்பிக்கணும்?"

"கழுத்துல. அப்புறம் இப்படிக் குறுக்கே. மெதுவா."

பிறகு அண்ணன், "சரியா இருக்கா?" என்றான்.

"கை சில்லுன்னு இருக்கு" என்றாள் அவள். "பரவால்ல, எடுக்காதீங்க."