நிமியாவின் சுருபித் தெரேரே

எங்கள் சான் லோரென்சோ கல்லூரியில் தெரேரே குடிக்காமல் யாரும் பாடம் கேட்டதில்லை. குவளையில் யெர்பா இலைத்தூள், அதன்மேல் ஊற்ற இடித்த புதினா போட்ட ஐஸ் தண்ணீர், உறிஞ்ச ஒரு குழல். வெயில் காலத்தில் இது இல்லாவிட்டால் தலை வேலை செய்யாது. குவளை எல்லோரிடமும் இருந்தது. ஆனால் இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகளால் தண்ணீர் ஃபிளாஸ்கையும் சுமந்து வர முடியவில்லை. தினமும் அடுத்தவரிடம் கேட்டு வாங்கினார்கள்.

இதைக் கவனித்தவள் நிமியா காசெரெஸ். காகுவாசுவிலிருந்து வேளாண்மை படிக்க வந்தவள், என் அறைத்தோழி. இரண்டாம் ஆண்டில் பழைய ஃபிளாஸ்குகளைத் தேடிப்பிடித்து, காலையில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, கல்லூரி வாசலில் மேசை போட்டு வாடகைக்கு விடத் தொடங்கினாள். மாலையில் திருப்பித் தர வேண்டும். அதுவரை மாணவர் அட்டை அவளிடம் இருக்கும்.

வாசல் காவலர் தோன் எலாடியோ அவள் பையை எட்டிப் பார்த்தார்.

"இத்தனை பேரு கார்டா? யாரையெல்லாம்மா கைது பண்ணியிருக்க?"

"ஃபிளாஸ்கோட ஓடப் பாக்கறவங்களைத்தான் தோன். உங்களுக்கு ஒண்ணு நிரப்பட்டுமா?"

அவரும் வாடிக்கையாளரானார்.

கூட்டுச் சேர்ந்தவன் வகுப்புத் தோழன் ஒஸ்வால்தோ. மார்ச் மாதத்துக்குள் இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அப்போதுதான் ஒருநாள் மின்சாரம் போய், அவர்கள் வழக்கமாக ஐஸ் வாங்கும் ஃபேக்டரி மூடிவிட்டது. வெறுங்கையோடு திரும்புகிறவள் இல்லை நிமியா. சந்தையில் ஒரு மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, நன்றாகக் கழுவித்தான் போட்டாள். ஆனால் அன்று அவளுக்குக் கடும் ஜலதோஷம்.

புள்ளியியல் வகுப்பில் பேராசிரியை இன்ஸ்ஃப்ரான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அசையாமல் நின்றார்.

"இந்தத் தண்ணியில மீன் குளிச்சுட்டுப் போயிருக்கு" என்றார்.

வகுப்பே சிரித்தது. நானும் குடித்திருந்தேன், ஆற்றின் அடியை நக்கியது போலிருந்தது. வெளியே ஓடி நிமியாவிடம் சொன்னேன். அவளும் குடித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

"நிஜமாவா பெர்லா?"

"சுருபி மீனு வாடைடி. உப்புப் போட்டா சூப்பு."

அவள் அங்கேயே நிற்கவில்லை. வகுப்பு வகுப்பாகப் போனாள்.

"மீன்காரர்கிட்ட ஐஸ் வாங்கினேன். தப்பு என்னோடதுதான். ஃபிளாஸ்கைக் குடுத்துட்டு கார்டையும் காசையும் வாங்கிக்கோங்க."

மறுநாளிலிருந்து அவள் பெயர் சுருபி. வழியில் போகிறவனெல்லாம் மூக்கைப் பொத்திக் காட்டினான். ஒஸ்வால்தோவால் தாங்க முடியவில்லை.

"மானம் போச்சு நிமியா. விட்டுடலாம்."

"உன் மானம் போயிருந்தா நீ போயிக்கோ. கேலி பண்றவன் என்னை மறக்கலைல்ல? அது போதும். ஐஸை மட்டும் இனிமே நானே உறைய வைக்கணும்."

அவன் போய்விட்டான். நிமியா நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி தோன்யா சுனில்தாவிடம் பேசினாள். முன்பு இறைச்சி வைத்திருந்த பெரிய ஃப்ரீசர் ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. தினம் ஒரு ஃபிளாஸ்க் தண்ணீர் இலவசம் என்றதும் அதைக் கொடுத்தார். பிறகு பெயின்ட் வாங்கிவந்து, ஒவ்வொரு ஃபிளாஸ்கிலும் நீண்ட மீசை வைத்த சுருபி மீன் வரைந்தோம். வாசல் மேசைக்கு மேல் மாட்டிய பலகையிலும் சுருபி என்றே எழுதினாள்.

முதலில் சிரிக்கத்தான் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வந்ததற்கு ஒன்று வாங்கினார்கள், மறுநாள் தாகத்துக்காக வந்தார்கள். பேராசிரியை இன்ஸ்ஃப்ரான் மூடியைத் திறந்து நெடுநேரம் முகர்ந்தார்.

"மீனுக்கு இன்னைக்கு லீவு போல" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு கால்நடை மருத்துவத் துறையிலும் பொறியியல் துறையிலும் நிமியாவின் மேசைகள் நின்றன; வகுப்பில்லாத நேரத்தில் மாணவர்களே அங்கே வேலை பார்த்தார்கள். பட்டம் எங்களைவிட ஓராண்டு தாமதமாகத்தான் வாங்கினாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

மகள் கூட்டுறவுச் சங்கத்தில் உத்தியோகம் பார்ப்பாள் என்று எதிர்பார்த்திருந்த அப்பா, காகுவாசுவில் மரவள்ளி நிலத்தில் பாதியை ஒதுக்கிப் புதினா நட்டார். வாராவாரம் பஸ்ஸில் மூட்டை வரும்.

"உன்னை வேலைக்கு அனுப்பத்தான் படிக்க வச்சேன். இப்ப நான் உன்கிட்ட வேலை பாக்கறேன்" என்று ஒருநாள் போனில் அலுத்துக்கொண்டார்.

"ஈரச் சாக்குல சுத்தி அனுப்புங்கப்பா," என்றாள் நிமியா. "போன வாரம் பாதி வாடிப்போச்சு."