ஒத்திகை பார்த்த விம்மல்

விடுதிக் கூடத்தில் ஜாஸும் சோகப்பாட்டும் பாடி இருபதாண்டு பிழைத்தவர் அவர். பிரிவுப் பாட்டின் மூன்றாம் அடியில் குரல் உடைந்தவர்போல் விம்முவார். பியானோக்காரர் விரலை நிறுத்திக் காத்திருப்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். இருவரும் ஒத்திகை பார்த்து வைத்த விம்மல் அது.

கணவரை இழந்திருந்த அவருடைய அக்கா ஒரு மாலை முதன்முறையாகக் கேட்க வந்தாள். பாட்டு முடிந்ததும் மேடையருகே வந்து அவர் கையைப் பற்றினாள்.

"மாமாவ நெனச்சுத்தானேடா அழுதே? சாவு வீட்டுல ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேன்னு உன்னக் கல்நெஞ்சுக்காரன்னு திட்டிட்டேன். மன்னிச்சுக்கோ தம்பி."

பியானோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாக்கா" என்றார் பாடகர்.

அக்கா முகந்தெளிந்து வீடு திரும்பினாள். அவள் தம்மிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இன்றும் அவரைச் சுடுகிறது. உண்மையைச் சொல்லிவிடக் கிளம்பி, அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார்.