பொறி வராத பெட்டி

குணாளனைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆவடிப் பக்கம் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், துகள்களை அறியும் வாயுப் பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு. வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் விழுகின்றன. ஒரு துகள் பெட்டியைக் கடந்தால் உள்ளிருக்கும் வாயுவில் மின்துடிப்பு எழும், திரையில் எண் ஏறும். பக்கத்தில் காந்தத்தை இயக்கினால்தான் தகராறு. எலக்ட்ரான்களின் பாதை வளைந்து, உள்ளே பொறி பறக்கும்.

ஏன் பறக்கிறது என்று அந்த மனிதர் பார்க்கவில்லை. பொறி நிற்கும்வரை பெட்டியின் வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே போனார். அவ்வளவு குறைத்தால் எந்தத் துடிப்பும் பதிவாகாது என்பது முதலாண்டு மாணவனுக்கே தெரியும். ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ‘காந்தத்திலும் நிலையாக இயங்கும்’ என்று அட்டை வேறு ஒட்டினார். கல்லூரி முதல்வர் கைதட்டினார்.

திரையில் வெறும் பூஜ்யம். நான் விரலால் காட்டினேன்.

“பொறி வர்தா? வர்ல இல்ல? அப்பால இன்னா மாமே?” என்று கேட்டபடி குணாளன் சுண்டலை மென்றார்.

எதற்கும் அவரிடம் இதே வைத்தியம்தான். வகுப்பில் கேள்வி கேட்டவர்களின் வாயை அடைத்தார். பாடியில் இருக்கும் வீட்டில், மனைவி ராஜகுமாரி வாயைத் திறந்தாலே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார். போன மாதம் அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அயனம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்கே போய்விட்டாள்.

விசாரித்தேன். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

“ஊட்ல இப்ப ஒரு சத்தம் கெடயாது மாமே. சூப்பரா கீது.”