என்ன சாப்பிட்டீங்க, சார்?

என் மனைவிக்கு வேலை செய்யும் இடத்தில் மெனு அக்கா என்று பெயர். ஓட்டலில் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அக்குபங்சர் கிளினிக்கில், வாசல் மேசையில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, மூன்று கட்டில், நடுவில் திரைகள், ஊசி வைக்க ஒரு டாக்டரம்மா. அந்த அம்மா ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசமாட்டார். அந்தக் குறையை என் மனைவி வட்டியும் முதலுமாகத் தீர்த்துவைக்கிறாள்.

சேர்ந்த புதிதில் அவளும் எல்லாரையும் போல "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். வெறும் வயிற்றில் ஊசி வைத்தால் சிலருக்குத் தலை சுற்றும் என்பதால் கேட்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் வாட்டசாட்டமான வாட்ச்மேன் ஒருவர் "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஊசி வைத்துக் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டி, எழுந்திருக்கப் பார்த்து பீரோ மாதிரிச் சாய்ந்தார். நல்லவேளை, கட்டில் மேலேயே விழுந்தார். தெளிந்த பிறகு விசாரித்தால், ரத்தப் பரிசோதனை மாதிரி என்று நினைத்து முந்தின ராத்திரியிலிருந்து பட்டினியாம்.

"அப்புறம் ஏங்க சாப்பிட்டேன்னு சொன்னீங்க?"

"நீங்க மரியாதைக்குக் கேக்கறீங்கன்னு நெனச்சேம்மா."

அன்று வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. "சாப்பிட்டீங்களான்னு கேட்டா நம்ம ஜனம் மயங்கி விழுற நேரத்துலயும் ஆச்சுன்னுதாங்க சொல்லும்" என்றாள். மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றிவிட்டாள். என்ன சாப்பிட்டீங்க? சாப்பிடாதவர்கள் அந்த "என்ன"வில் தடுக்கி நிற்பார்கள். மேசை டிராயரில் பன்னும் வாழைப்பழமும் இருக்கும். "முதல்ல இதைச் சாப்பிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று கையில் கொடுத்துவிடுவாள். மெனு அக்கா ஆனது இப்படித்தான்.

வாட்ச்மேனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் வீடுகளுக்கு பெயின்ட் அடிப்பவன். "ரெண்டாவது கோட்டும் அடிச்சாச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டால் என் வாயிலும் முதலில் வருவது "ஆச்சு"தான்.

எங்கள் வீட்டிலேயே இன்னொரு "ஆச்சு" இருந்தது. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்த் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் அம்மாவோடு போன். சாப்பிட்டியா? ஆச்சும்மா. வேலையெல்லாம்? நல்லாப் போகுதும்மா. கொஞ்ச நாளாக அந்தப் பேச்சும் சுருங்கிக்கொண்டே வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அவளுக்கு அங்கே என்னவோ சரியில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது. ஒரு தடவை இவள் துருவித் துருவிக் கேட்கப்போய், மகள் ஒரு வாரம் போனையே எடுக்கவில்லை. அதிலிருந்து இவள் கேட்பதை விட்டுவிட்டாள். போனை வைத்த பிறகும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் "அவ என்ன சின்னப் புள்ளையா, விடு" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லுவேன்.

இதற்கு நடுவில் என் வலது தோள் மக்கர் செய்தது. கூரைக்கு பெயின்ட் அடிக்கிறவனுக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முறிவு எதுவும் இல்லை என்று மாத்திரை கொடுத்தார். அதோடு அக்குபங்சரும் பார்ப்போம் என்று மனைவி நச்சரித்ததால், ஒரு நாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு நானும் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே பத்துப் பேர் முன்னால் அவள் என்னை முன்பின் பார்க்காதவளைப் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க, உட்காருங்க. என்ன சாப்பிட்டீங்க, சார்?"

சாரா! எனக்குச் சிரிப்பு வந்தது. "ரொட்டி" என்றேன்.

"எதோட?"

"முட்டையோட."

"வீட்ல முட்டை முந்தாநாளே தீர்ந்துபோச்சே, சார்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாழைப்பழம் என் கைக்கு வந்தது. அதை நான் முழுங்குவதற்குள் அடுத்தடுத்த கேள்விகள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது போடுகிறேனா, நெஞ்சில் பேஸ்மேக்கர் மாதிரிக் கருவி ஏதாவது வைத்திருக்கிறதா, எலும்பு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா.

"இங்க வர்றோம்னு அதை நிறுத்திடாதீங்க. ஒரே நாள்ல கை தூக்கிடும்னும் நினைக்காதீங்க. அடுத்த தடவை சட்டை லூசா போட்டுட்டு வாங்க, சட்டைக் கையை மடக்கி மேல ஏத்தணும்."

கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். டாக்டரம்மா நிறம் பார்க்க நாக்கை நீட்டச் சொன்னார். வழியில் சப்பிய ஆரஞ்சு மிட்டாயால் நாக்கு சிவந்திருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பள்ளிக்கூடப் பையன் ஆகிவிட்டேன். புது ஊசிப் பாக்கெட்டை என் கண் முன்னாலேயே பிரித்தார். ஆஸ்பத்திரி ஊசியை நினைத்து பயந்து கிடந்த எனக்கு, தலைமுடி கனத்தில் அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. முதலில் எறும்பு கடித்ததுபோல ஒரு சுருக். பிறகு அந்த இடம் கனத்து, மதமதவென்று இருந்தது.

"கனமா இருந்தா சரிதான். சுளீர்னு வலிச்சா அசையாதீங்க, வாயால சொல்லுங்க" என்று மனைவி என் இடது கைக்கு அருகில், கூப்பிட ஒரு மணியை வைத்துவிட்டுப் போனாள்.

ஓடியாடுகிறவனைப் பட்டப்பகலில் அசையாமல் படுக்கவைத்தால் என்ன செய்வான்? ஒட்டுக் கேட்பான். திரைக்கு அந்தப் பக்கம், என் மனைவியின் மேசைக்கு எதிரில் யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன்.

"என்னம்மா சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் என் மனைவி இந்தக் கேள்வியைக் கேட்கிறாள். பெற்ற பெண்ணிடம் மட்டும் தினமும் அந்தப் பழைய கேள்வி. எழுந்து போய்ச் சொல்லவும் முடியாமல் ஊசிகளோடு கிடந்தேன்.

டாக்டரம்மா ஊசிகளை எடுத்துவிட்டுப் போனதும் இவள் வந்தாள். "டக்குனு எழுந்திருக்காதீங்க. ஓரமா கொஞ்ச நேரம் உட்காருங்க."

"சாயங்காலம் போன் வந்தா அவகிட்டயும் என்ன சாப்பிட்டன்னு கேளேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தோணாமலாங்க இருக்கும்? இங்க ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னா எடுத்துக் குடுக்க டிராயர்ல பழம் இருக்கு. அவ அப்படிச் சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

இருபத்தைந்து வருஷமாக அவள் வாயடித்து நான் கேட்டிருக்கிறேன். பயந்து அன்றுதான் பார்த்தேன். "நான் பஸ் ஏறிப் போய்க் கூட்டிட்டு வர்றேன். நீ கேளு" என்றேன்.

சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா சாப்பிட்ட?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

அந்தப் பக்கம் மகள் அழுதாள். வேலை போய் இரண்டு மாசம் ஆகிறதாம். எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அறை கொடுத்தவருக்கும் தெரியக்கூடாது என்று, தினமும் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பிப் போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம். காலையில் குடித்த டீயோடு சரி.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். இவள் மேசையில் பேசும் அதே குரலில், "சரி. முதல்ல ஏதாவது சாப்பிடு, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். போனை வைக்காத. அப்படியே கீழ கடைக்குப் போ, நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

படியிறங்கும் சத்தம் கேட்டது. தெருவில் வண்டிகள் போயின. யாரோ சில்லறை கேட்டார்கள். காகிதம் பிரிந்தது. நான் மறுநாள் பஸ்ஸுக்காகப் பையை எடுத்து வைத்தேன். பரண் மேல் இருந்ததால் இடது கையால்தான் எடுத்தேன், வலது கை இன்னும் ஏறவில்லை. திரும்பி வந்தபோது இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சாப்பிடுற?"

"பன்னும்மா. ஒரு வாழைப்பழம்."

இவள் போனைக் காதிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தாள். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.