பத்தியம் இல்லாத மருந்து

என் கணவர் அதிர்ந்து பேசாதவர். வாய்க்கால் தண்ணீருக்கு எல்லோரும் மண்வெட்டியோடு அடிபட நின்ற வருடத்திலும், "நீங்கள் முதல் பாய்ச்சுங்கோ" என்று சொல்லிவிட்டு வரம்பில் குந்தியிருந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு காலை எங்கள் வெள்ளைப் பசுவின் முன்னால் நின்று விக்கி விக்கி அழுதார். ஓடிப்போய் என்னவென்று கேட்டேன்.

"அது என்னைப் பாக்கிற பார்வையைப் பாரும்," என்றார்.

பசு வைக்கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று கொழும்பில் கண்டுபிடித்து, ஊசி போட்டு, விழுங்கக் குளிசை மாத்திரைகளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஊசிக்குத் திரும்பவும் போக வேண்டும். அவருடன் போய் வந்தவர் அவருடைய அண்ணர். வாசலில் வைத்தே நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"குளிசை குடிக்கட்டாம்."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும்."

"சாப்பாடு?"

அண்ணர் முகட்டைப் பார்த்து யோசித்தார். "ஒண்டும் சொன்ன மாதிரித் தெரியேல்லை."

பத்தியம் சொல்லாத மருந்தை, என் கணவரைப் பெற்ற மாமி மருந்தென்றே எடுக்க மாட்டார். "சொல்லாட்டிப் போகுது, நாங்களே பிடிப்பம்," என்றார். மீன் நின்றது. கத்தரிக்காய், பூசணிக்காய், தயிர், நல்லெண்ணெய் எல்லாம் நின்றன. காலையில் தெளிந்த கஞ்சி, மத்தியானம் ஒரு பிடி சோறும் மிளகுத் தண்ணீரும். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரியார் தூளை அந்தியில்தான் குடிக்கச் சொல்வார் என்பதால், குளிசையையும் அந்தியில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தோம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. எஸ்.எஸ்.சி. வரை படித்தவள், சுகாதாரப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள். ஆனால் சுகாதாரப் புத்தகத்தில் மலேரியாவும் மலசலகூடமும்தான் இருந்தன, இந்த மருந்து இருக்கவில்லை. பிள்ளை பெற்றுக் கிடந்த என்னை உள்ளியும் மிளகும் தந்து எழுப்பி நிறுத்தியவர் மாமி. அவர் சொல்வதே சரியாக இருந்தால்? நானே தேன் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் அழுகையும் கோபமும் தொடங்கின. இரவில் கண் மூட மாட்டார். விடிந்ததும் படலை ஒழுங்காகச் சாத்தவில்லை என்று கத்துவார். கத்தியதற்காகக் கண்ணீர் விடுவார். கண்ணீர் காயுமுன் இன்னொரு கிணறு வெட்டப் போகிறேன் என்று தடியால் நிலத்தில் வட்டம் கீறுவார். எங்கள் மகளுக்கு அப்போது பல் முளைக்கிற காலம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதால் யாரிடம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் குசினி வாசலில் நிற்பேன்.

பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்ப்பார். "அக்கா, இண்டைக்கு அண்ணைக்கு மழையோ இடியோ?"

ஒரு நாள் அந்த மனிதருக்கே இடி விழுந்தது. வாய்க்காலில் வைத்து அவரைத் தண்ணிக் கள்ளன் என்று என் கணவர் ஏசிவிட்டார். அவரோ எங்கள் வயலுக்குத்தான் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த என் கணவர் கதிரையில் விழுந்தார்.

"இஞ்சேரும், இனி இந்தக் குளிசையைத் தொடமாட்டன். கொழும்புக்கும் போகமாட்டன். கட்டி வந்தா வரட்டும். இப்பிடி ஒரு மனிசனா என்னால இருக்க ஏலாது."

கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு வற்றியிருந்தது. மருந்து வேலை செய்கிற நேரத்தில் மனிதர் மருந்தை விடுகிறார்.

அவரை முதலில் கொழும்புக்கு அனுப்பிய டொக்டர் வவுனியாவில் இருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தனியே போகக் கூடாதென்று மாமியும் வந்தார்.

டொக்டர் முழுவதையும் கேட்டார். "அழுகை, கோவம், நித்திரையின்மை எல்லாம் அந்தக் குளிசையின்ர குணம், பிள்ளை. அவரின்ர குணமில்லை. எப்ப குடுக்கிறீங்கள்?"

"அந்தியில."

"காலமை சாப்பிட்ட உடன குடுக்கவேணும். அங்க சொல்லியிருப்பினமே! அந்தியில குடுத்தா நித்திரை எங்கால வரும்? பசி எப்பிடி?"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொல்லாத பசி ஐயா. சட்டி சட்டியாத் திறந்து பாக்கிறான். நாங்கள் விடேல்லை. பத்தியமெல்லோ!"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அம்மா, அந்தக் குளிசை பசியைக் கிளப்பிற குளிசை. அதையும் குடுத்துக் கஞ்சியையும் குடுத்தா? மாட்டுக்கு வாய்க்கூடு கட்டிப் பயிருக்குள்ள விட்ட மாதிரி. உங்கட மகன் பசுவைப் பாத்து அழாமல் என்ன செய்வார்?"

"அப்ப பத்தியமே இல்லையோ?"

"உப்பைக் கொஞ்சம் குறையுங்கோ. மற்றதெல்லாம் குடுங்கோ. குளிசையைச் சடாரெண்டு நிப்பாட்டினா ஆபத்து. கொழும்புக்குப் போகேக்க இதைச் சொன்னா அளவைப் பாத்துக் குறைப்பினம். அயலட்டைக்கும் சொல்லி வையுங்கோ, இது மருந்து செய்யிற வேலை எண்டு."

வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்தார். "கேட்டியே பிள்ளை, உப்புப் பத்தியம்! பத்தியமில்லாத மருந்து உலகத்தில இல்லை." புளியங்குளத்தில் பஸ் நின்றபோது, கொண்டக்டர் கத்தக் கத்த இறங்கிப் போய் ஒரு விரால் மீனோடு ஏறினார்.

மறுநாள் காலை பிட்டும் விரால் குழம்பும். என் கணவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிடத் தொடங்கினார். பாதியில் நான் குளிசையைச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தேன். கை நின்றது.

"வேண்டாமெண்டு சொன்னனான்."

"இஞ்சேருங்கோ, அந்தக் கோவம் உங்கடை இல்லையாம். குளிசையின்ரயாம். டொக்டர் சொன்னவர்."

பிட்டை விரலால் அளைந்தார். "அப்ப அவனைக் கள்ளன் எண்டது?"

"குளிசை. நான் அவருக்கும் சொல்லிப்போட்டன். சிரிக்கிறார்."

"பசுவோட அழுதது?"

"குளிசையும் பசியும்."

"அம்மாவோட சண்டை பிடிச்சது?"

நான் மாமியைப் பார்த்தேன். "அது அவன்ர சொந்தக் குணம்," என்றார் மாமி, பிட்டைப் போட்டபடி. "பிறந்த நாளில இருந்து."

என் கணவர் சிரித்தார். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுக் கனகாலம். சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பியது, மாமி பதறிப்போய், "உறைப்புக் கூடிப்போச்சோ?" என்றார். அவர் அழுதுகொண்டே கையை நீட்டினார். குளிசையை வைத்தேன். விழுங்கித் தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்தார்.

"மீன் இன்னும் இருக்கோ?"

சட்டியில் எனக்கும் மாமிக்குமென்று வைத்த இரண்டு துண்டுதான் மிச்சம். மாமி என்னைக் கேட்கவில்லை. இரண்டையும் அள்ளி அவர் கோப்பையில் போட்டார்.